மூன்று முறை சொன்ன நற்செய்தி

மைக்கைக் கண்டால் எனக்கு வெட்கம் போய்விடும். ஒருமுறை அதோடு சேர்ந்து மானமும் போனது.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, திருப்புலிவனத்தில் வீட்டோடு இருந்தேன். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குக் குரல் பாடம் பதிவுசெய்து அனுப்பும் வேலை ஆன்லைனில் கிடைத்தது. (வியட்நாமுக்கே நான்தான் டீச்சர் என்று நினைப்பு. உள்ளூரில் ஒரு டியூஷன் பிள்ளைகூட என்னிடம் வந்ததில்லை.)

பின்னணியில் சத்தமே கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. அறுவடைக் காலம், தெருவில் டிராக்டர் ஓயவில்லை. வீட்டில் அமைதியான இடம் நெல் மூட்டைகள் அடுக்கிய அறைதான். கதவைச் சாத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

அன்றைய பாடம், ‘டாக்டரிடம்’. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று முறை சொல்ல வேண்டும். சாதாரணமாக, மெதுவாக, பிறகு உணர்ச்சியோடு.

“ஐ ஆம் ப்ரெக்னன்ட்” என்றேன், சாதாரணமாக.

முறம் கேட்க வந்த பெரியம்மா அப்போது கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள். ஆங்கிலம் தெரியாதவள்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை தெரியாதவர்கள் எங்கள் தெருவிலேயே கிடையாது. அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகத்தையும் நான் மெதுவாகச் சொல்லித் தீர்த்துவைத்தேன். மூன்றாவது முறை என் குரல் தழுதழுத்தது.

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தால், அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். நைனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா கிராம நர்ஸையே அழைத்து வந்திருந்தாள். அவர் மடியில் கர்ப்பிணிகள் பதிவேடு விரிந்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“உள்ள பேசிக்கினு இருந்தியே, எந்த ஊரு ஆளுடி?” என்றாள் அம்மா.

மாணவர்களைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். “வியட்நாம்மா. ஒருத்தர் இல்ல, நாப்பது பேரு.”

நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

“ஐயோ, இன்னாடி சொல்றா இவ!” என்று பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் நினைத்தது எனக்குப் புரிந்ததும், அது பாடம்தான் என்று நிரூபிப்பதற்காகப் போனில் பதிவைப் போட்டுக் காட்டினேன். உணர்ச்சியோடு சொன்ன இடம் வந்ததும் அம்மா ஓவென்று அழுதாள். கடைசியில் நர்ஸ்தான் போனை வாங்கிப் பாடத்தைப் படித்தார்.

“அக்கா, இது பாடம்க்கா. அடுத்த வரியில பல்லு வலின்னு கீது” என்று பதிவேட்டை மூடினார். (மூடுவதற்கு முன் ஒரு பெயரை அடித்தார். என் பெயர்தான்.)

பெரியம்மாவுக்கு மட்டும் ஆறவில்லை. “பல்லு வலிய மொதல்ல சொல்றதுக்கு இன்னாடி?”

வெள்ளிக்கிழமை வந்தவரையே கட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து, காஞ்சிபுரத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து, முழுகாமல் இருப்பதாகச் சொன்னேன்.

“சரி சரி, இது எந்த ஊரு புள்ளைங்களுக்கு?” என்றாள்.

என் கணவர் போனை வாங்கிச் சொல்லிப் பார்த்தார். “இன்னா மாப்ள, உங்களையும் பேச வெச்சிட்டாளா?” என்று சிரித்தாள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பிய பிறகுதான் நம்பினாள். என் மகளுக்கு இப்போது மூன்று வயது. பெரியம்மா இன்றுவரை அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “ஏ வியட்நாமு, இங்க வாடி” என்கிறாள். இதுவும் ஓடிப்போய் மடியில் உட்காருகிறது.