இடப்பக்கம் இழுத்த ஆவி

வங்காளத் தலைநகரில், கரியாஹாட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. வேதாச்சலத்தின் மளிகைக் கடைக்கு மேல்மாடி. படிக்கட்டு முழுக்கச் செருப்பு. பூஜைப் பந்தலில் தேவியைப் பார்க்க வரிசையில் நின்று கால் கடுக்க வேண்டும். ஆவியை உட்கார்ந்தே பார்க்கலாம். சுண்டல் வேறு கொடுத்தார்கள்.

ஆவி குடியிருந்தது புளியமரத்தில் அல்ல, வீடியோ கேம் மெஷினில். மனிதர்கள் வீடு மாறும்போது ஆவிகள் மட்டும் மரத்திலேயே தொங்கவேண்டும் என்று சட்டமா?

மெஷின் வேதாச்சலத்தின் மகள் மதுவுடையது. கையில் வைத்தும் ஆடலாம், டிவியிலும் ஆடலாம். நடுவில் தொடுதிரை. இரண்டு ஓரத்திலும் உள்ளங்கை அளவில் ஒவ்வொரு கன்ட்ரோலர். பள்ளத்தில் வழுக்கிக் கழற்றிவிட்டால் அவை கம்பியில்லாமல் தனியாக வேலை செய்யும். திரையை டாக் என்கிற தாங்கியில் செருகினால் படம் டிவிக்குத் தாவிவிடும். அதன் அமைப்பைப் பார்த்துப் பார்த்து வரைந்தே அகமதாபாதில் ஒரு டிசைன் கல்லூரியில் இடம் பிடித்திருந்தாள் மது.

அப்போதுதான் வந்தது வினை. கன்ட்ரோலரில் ஸ்டிக் என்கிற குமிழை யாரும் தொடாமலே விளையாட்டு வீரன் இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். முதலில் பார்த்தது அம்மா கல்யாணி. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வங்காளி மிதாலி மாஷி ஓடிவந்தாள். "ஓ மா கோ! பூத்!" என்றாள். பேயாம். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"ஸ்டிக் தேஞ்சுபோச்சும்மா, அவ்வளவுதான்" என்று மது கத்தினாள். பெண் சொன்னால் யார் கேட்பது? தாடி வைத்தவரைக் கூப்பிட்டார்கள்.

டாலிகஞ்சிலிருந்து வந்தார் மின்சித்தர் முருகானந்தம். காவிப் பட்டுச் சால்வை, விரலுக்கு ஒரு மோதிரம். மின்சாரப் பொருள்களில் புகுந்த பேய்களை விரட்டுவதில் நிபுணர். வங்கி அதிகாரி வீட்டு வாஷிங் மெஷினில் அலறிய பேயை விரட்டியவரும் இவரே. அது பேரிங் போன சத்தம் என்று மெக்கானிக் பிற்பாடு சொன்னாராம். மெக்கானிக்குக்கு ஆன்மிகம் தெரியாது, பாவம்.

மெஷினை 'சுத்தி' செய்ய ஆசிரமத்துக்குக் கொண்டுபோன சித்தர் மறுநாள் தீர்ப்போடு திரும்பினார்.

"கல்யாணமாகாம செத்த ஒருத்தி உங்க வம்சத்துல இருக்கா. பொண்ணைப் பிடிச்சிருக்கா. பொண்ணு கங்கையைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரத்தம் கக்குவா."

அகமதாபாத் ரயில் ஏறவேண்டிய ஹவுரா ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கல்யாணி பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

"அப்ப ஃப்ளைட்ல போறேன்" என்றாள் மது.

"மேல பறந்தாலும் தாண்டினதுதான்" என்றார் சித்தர்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா!"

"உன் உசுரைவிடவா படிப்பு?" என்று வேதாச்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். சித்தர்களுக்கு அதுதான் மூலதனம்.

ஞாயிற்றுக்கிழமை விரட்டு வைபவம். மதுவை நெற்றி நிறைய விபூதியோடு மூலையில் உட்கார வைத்தார்கள். மெஷினைத் தொட அவளுக்குத் தடை. சித்தர் இரண்டு கன்ட்ரோலரையும் கழற்றி, சிவப்புத் துணியில் சுற்றி, அரிசிக் குடத்துக்குள் புதைத்தார். திரையை டாக்கில் செருகினார். டிவியில் வீரன் தோன்றினான்.

"யாரும் தொடல, பாத்துக்குங்க. ஆமான்னா வலப்பக்கம் போ. இல்லேன்னா இடப்பக்கம் போ." கண்ணை மூடிக்கொண்டார். கைகள் சால்வைக்குள் முத்திரை பிடித்தன. "நீ இந்த வம்சத்தவளா?"

வீரன் வலப்பக்கம் நடந்தான். கூட்டம் மூச்சை இழுத்தது.

"பொண்ணை விட்டுப் போவியா?"

வீரன் இடப்பக்கம் நடந்தான். போதாததற்கு, அலட்சியமாக ஒரு குதி குதித்தான்.

"சயின்ஸால இதை விளக்கவே முடியாது" என்றார் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ராகவன். அவர் முயற்சி செய்து பார்த்ததாகத் தகவல் இல்லை.

பின்வரிசையிலிருந்து வித்யாலட்சுமி எழுந்தாள். மூன்றாவது மாடிக்காரி. அலிப்பூர் கோர்ட்டில் கிரிமினல் வக்கீல். மெட்ரோவில் போக வர இதே மாதிரி மெஷினில்தான் பொழுதுபோக்குவாள்.

"சாமி, ஆவியைக் குறுக்கு விசாரணை பண்ணலாமா?"

"தாராளமா" என்றார் சித்தர். வெற்றி மயக்கம்.

வித்யா நேராகப் போய்த் திரையை டாக்கிலிருந்து உருவினாள். டிவி இருண்டது. படம் அவள் கைக்கு வந்துவிட்டது.

"தொடாதே! ஆவி உன்மேல ஏறிடும்!"

"ஏறட்டும் சாமி. எனக்கும் ஒரு ஜூனியர் தேவைப்படுது." விரலால் திரையை இரண்டு தட்டு தட்டினாள். "மது, உங்க வீட்ல கன்ட்ரோலர் எத்தனை?"

"இந்த ஜோடி மட்டும்தான் அக்கா."

"இதுல மூணு காட்டுதே!"

சின்னச் சாமான். சோபாவுக்கு அடியில் தொலைந்துபோகும். அதனால் தேடுவதற்கு ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். திரையில் கன்ட்ரோலரின் படத்தை அழுத்தினால், அது எங்கே கிடந்தாலும் அதிரும். வித்யா முதல் படத்தை அழுத்தினாள். குடத்துக்குள் அரிசி சலசலத்தது. இரண்டாவதை அழுத்தினாள். மறுபடியும் அரிசி. மூன்றாவதை அழுத்தினாள்.

அரிசி அசையவில்லை. சித்தரின் இடுப்பு, 'ர்ர்ர்ர்' என்றது.

"அது... குண்டலினி" என்றார் சித்தர். "மூலாதாரத்துலேருந்து எழும்புது."

நம்பமாட்டீர்கள், நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்படியா? கல்யாணி அக்கா, நீங்க இதை அழுத்துங்க."

கல்யாணி விரலை வைத்தாள். ர்ர்ர். எடுத்தாள். நின்றது. வைத்தாள். ர்ர்ர். "நானும்! நானும்!" என்று மிதாலி மாஷி வங்காளத்தில் முண்டியடித்து வந்து அழுத்தினாள். குண்டலினி அவளுக்கும் கட்டுப்பட்டது.

கல்யாணிக்கு இப்போது பயம் போய்விட்டது. விறுவிறுவென்று நடந்துபோய்ச் சால்வையைப் பிடித்து இழுத்தாள். நீல நிறக் கன்ட்ரோலர் ஒன்று தரையில் விழுந்து, ர்ர்ர் என்று சுற்றியது. ஆசிரமத்தில் நடந்த 'சுத்தி'யில் மெஷினோடு இணைத்துவைத்த மூன்றாவது.

"என் பொண்ணு ரத்தம் கக்குவான்னு சொன்னியேடா, பாவி!"

சித்தர் வாசலுக்குப் பாய்ந்தார். அத்தனை செருப்பில் தன் செருப்பைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி உதவவில்லை. வெறுங்காலோடு ஓடினார்.

வேதாச்சலத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. "வக்கீலம்மா, இன்னிக்கு நடந்தது சூது, சரி. மொதமொதல்ல இடப்பக்கம் இழுத்தது?"

வித்யா மாடிக்குப் போய்த் தன் மெஷினை எடுத்துவந்தாள். தன் இடது கன்ட்ரோலரை மதுவின் மெஷினில் மாட்டினாள். வீரன் நட்டுவைத்தது போல் நின்றான். மதுவுடையதைத் தன் மெஷினில் மாட்டினாள். அங்கே இருந்தவன் இடப்பக்கம் கிளம்பிவிட்டான்.

"உள்ளே மெல்லிசா ஒரு கரிப்பூச்சு இருக்குப்பா" என்றாள் மது. "உரசி உரசித் தேஞ்சுட்டா, தொடாமலே யாரோ தள்றதா மெஷின் நினைச்சுக்கும். இதைத்தான் அன்னிக்கே சொன்னேன்."

வேதாச்சலம் அலமாரியைத் திறந்து மகளின் துணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தார்.

மது கங்கையைத் தாண்டினாள். ஹவுரா பாலத்தில் டாக்ஸி நெரிசலில் மாட்டிக்கொண்டபோது கக்கியது என்ஜின்தான், அதுவும் புகை.

ராகவன் மட்டும் வக்கீலை விடவில்லை. "எல்லாம் சரிம்மா. படிச்சவங்க இவ்வளவு பேருக்குத் தெரியாத இந்த மெஷின் வித்தை அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவன் மெஷினை நோண்டிப் பார்த்தான் சார். நீங்க அவன் காலைத் தொட்டுப் பார்த்தீங்க. இனிமேலாவது காலை விட்டுட்டு, கையைப் பாருங்க."