வைத்தது வைத்தபடி

2001ஆம் ஆண்டு ஜூன் நான்காம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணிக்குக் கொல்லிமலைச் செம்மேட்டு மிளகு விவசாயிகள் சங்கத்தில் கணினி எழுத்தராகப் பணியேற்ற வெள்ளியங்கிரி, பத்தேகாலுக்குள் அந்தக் கணினியோடு பகை கொண்டான்.

துறையூரில் அவன் பழகிய கணினியில் மவுஸின் இடப்பக்கப் பொத்தானை அழுத்தினால் கோப்பு திறக்கும். இங்கே வலப்பக்கத்தை அழுத்தினால்தான் திறந்தது. இடப்பக்கம் வேண்டாத பட்டியல் ஒன்றை நீட்டியது.

மாற்றும் வழி அவனுக்குத் தெரியும். ஆனால், சனிக்கிழமைகளில் மட்டும் கணக்குப் பார்க்க வரும் செயலாளர் ருக்குமணி, சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "வெச்சது வெச்சபடி இருக்கோணும் கண்ணு. போன பையன் செட்டிங்க நோண்டித்தான் ஊட்டுக்குப் போனான்."

வெள்ளியங்கிரி வீட்டுக்குப் போக முடியாது. வேலை நிரந்தரமானால்தான் தன் மகள் தாமரைச்செல்வியைத் தருவதாகப் புளியஞ்சோலை மாமன் சொல்லியிருந்தார். கணினிக் கம்பெனி வைத்ததை மாற்ற நான் யார் என்று அவன் அடங்கினான்.

பழகிய ஆள்காட்டி விரல் அடங்கவில்லை. அதைத் துணி சுற்றிக் கட்டினான்.

"விரல்ல அடிங்களா?" என்றார் மூட்டை தூக்கும் செல்லமுத்து.

"இல்லீங்க. தப்புப் பண்ணாம இருக்கக் கட்டியிருக்கேன்."

"எங்கூட்டுல ஆட்டத்தான் அப்படிக் கட்டுவோம்."

தடித்த விரல் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியது. தேவனூர் நாட்டு மிளகுக் கணக்கு மலையின் இன்னொரு பிரிவான குண்டூர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அந்தக் கையில புடிச்சுப் பாருங்க," என்று அவனது இடக்கையைக் காட்டினார் செல்லமுத்து.

"நொட்டாங்கையிலயா? சங்கம் வெளங்குமுங்களா?"

மறுநாள் மவுஸின் வால் தன் பக்கம் வருமாறு திருப்பி வைத்தான். வேண்டிய பொத்தான் இடப்பக்கம் வந்தது. திரையிலிருந்த அம்போ மேலே தள்ளினால் கீழே வந்தது, வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் ஓடியது.

அதற்கும் வழி கண்டான். சனிக்கிழமை காலையில் அவனும் செல்லமுத்துவும் திரைப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருபுறமும் மிளகு மூட்டையால் அணைகொடுத்தார்கள். அம்பு சொன்னபடி கேட்டது. எழுத்துகள்தாம் வௌவால்களாகத் தொங்கின. அவற்றைப் படிக்க வெள்ளியங்கிரி மேசைமேல் தலையைச் சாய்த்திருந்தபோது ருக்குமணி உள்ளே வந்தார்.

"என்ன கண்ணு இது?"

"செட்டிங்க மாத்தலீங்கம்மா. மத்ததத்தான் மாத்துனேன்."

"நொட்டாங்கையில புடிச்சாச் சங்கம் வெளங்காதுங்களாமா," என்று செல்லமுத்து எடுத்துக்கொடுத்தார்.

ருக்குமணி திரையை நிமிர்த்தச் செய்தார், மவுஸை நேராக்கினார், நாற்காலியில் அமர்ந்து அதை இடக்கையால் பற்றினார். தேவனூர்க் கணக்கு இமைப்பொழுதில் தேவனூருக்குத் திரும்பியது.

தாமரைச்செல்வி வேறொருவனுக்கு மாலையிடுவது வெள்ளியங்கிரியின் கண்ணில் தெரிந்தது.

"கம்பெனிக்காரன் வெச்சதுன்னு நெனச்சனுங்கம்மா."

"கம்பெனின்னு நான் எப்பச் சொன்னேன்? வெச்சது வெச்சபடி இருக்கோணும்னேன். வெச்சது நான்."

எழுவாய் இல்லாத வாக்கியம் செய்த வேலை அது.

அன்று முடிவானவை: வார நாள்களில் மவுஸ் எழுத்தரின் கைக்கு இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அறையைப் பூட்டுமுன் அது செயலாளரின் கைக்கு மாற்றி வைக்கப்படும். இனி எந்த உத்தரவிலும் எழுவாய் விடப்படாது. சொன்ன சொல்லுக்காகத் திரையையே கவிழ்த்தவனின் பணி நிரந்தரமாக்கப்படும்.

பணி நிரந்தர ஆணையில் ருக்குமணி இடக்கையால் கையொப்பமிட்டு, இடக்கையாலேயே நீட்டினார். வெள்ளியங்கிரி இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.