ஒன்றை மட்டும் விட்டுச் சொல்கிறவள்

சமையல் குறிப்புக் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி "தர மாட்டேன்" என்கிறவள் ஒருத்தி உண்டு. அவளைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அவள் நேர்மையானவள், கொஞ்சம் சண்டைக்காரி, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வேறு இனம். கேட்ட மாத்திரத்தில் "அதுக்கென்ன கண்ணு, உட்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, காப்பி ஊற்றிக் கொடுத்து, வெங்காயத்தை எத்தனை பொடியாக அரிய வேண்டும் என்பதில் தொடங்கி, சட்டியை எந்தத் துணியால் பிடித்து இறக்க வேண்டும் என்பது வரைக்கும் வாய் வலிக்கச் சொல்லி, வாசல் வரை வந்து கையசைத்து, ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறவள். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்ப்பீர்கள். எல்லாம் இருக்கும். ருசி இருக்காது. "எனக்குக் கை வரவில்லை" என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் லஃபூர்ஷ் ஓடைக்கரையில் இந்த இனம் நண்டை விட அதிகம். நண்டையாவது கூடை போட்டுப் பிடிக்கலாம். இவர்களை எப்படிப் பிடிப்பது? ஒருத்தி அத்திப்பழக் கேக்குக்கு எல்லாவற்றையும் சொல்வாள், மோர் ஊற்றுவதைச் சொல்ல மாட்டாள். இன்னொருத்தி எல்லாவற்றுக்கும் "தேவையான அளவு" என்பாள். யாருக்குத் தேவையான அளவு? இன்னும் ஒருத்தி இருந்தாள், ஃபிலொமேன் என்று பெயர். "எழுதினா புரியாதுடி, நேர்ல வந்து பாரு" என்பாள். போனால், சரியாக அந்த முக்கியமான நேரம் பார்த்து, "கொல்லையில போய் நாலு வெங்காயத்தாள் பறிச்சிட்டு வா, தங்கமே" என்று அனுப்பிவிடுவாள். திரும்பி வந்தால் சட்டி மூடியிருக்கும். ஃபிலொமேன் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

ஒரு புயலில் எங்கள் புனித ரோசாலி கோயிலின் கூரை போயிற்று. சாமியார், ஊர்ப் பெண்களெல்லாம் ஆளுக்கொரு குறிப்புக் கொடுத்தால் சமையல் புத்தகம் போட்டு விற்றுக் கூரை போடலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் இங்கே ஒருத்தியிடம் கம்போக் குழம்பின் குறிப்பைக் கேட்பது அவள் பெட்டிச் சாவியைக் கேட்பது போல. கோயிலுக்காகக் கேட்டால் இல்லை என்று சொல்லவும் முடியாது. அப்புறம் என்ன? கொடுத்தார்கள். எல்லோரும் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருள் கம்பி போட்டுப் புத்தகம் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கூரைக்காக ஒன்று வாங்கி, மகளை உட்காரவைத்து முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு ஊரின் வண்டவாளம் வேண்டுமென்றால் அதன் சமையல் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே பெயர் போட்டிருந்தது, பெண்ணின் பெயர் இல்லை. "திருமதி ஓவீட் ஷெரமி." ஓவீட் அவள் புருஷன். செத்துப் பத்து வருஷம் ஆனவன், உயிரோடு இருந்தபோது முட்டை வேகவைக்கத் தெரியாதவன். கிளறியது இவள், பெயர் அவனுக்கு. உருளைக்கிழங்கு சாலட் மட்டும் ஒரே மாதிரி ஒரு டஜன். எதையாவது நீக்கினால் அந்தக் குடும்பம் பூசைக்கு வராது என்று சாமியாருக்குப் பயம். நிலத்தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட அக்கா தங்கை இருவரை அகர வரிசை எதிரெதிர்ப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது. புத்தகத்தை மூடினால் இருவரும் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டார்கள். கோயிலில் நடக்காத சமாதானம்.

படித்து முடித்ததும் என் மகள் கேட்டாள்: "ஏம்மா, எல்லாருக்கும் எல்லாரோட ரகசியமும் தெரியுமே. அப்புறம் யார்கிட்ட மறைக்கிறாங்க?"

நல்ல கேள்வி. எங்களுக்குள் மறைக்க என்ன இருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் கொதிப்பது இந்தப் பக்கம் மூக்குக்குத் தெரியாதா? அந்தப் புத்தகத்தை வாங்கப் போவது யார்? மருமகள்கள். அது மாமியார்கள் சேர்ந்து மருமகள்களுக்காகப் போட்ட புத்தகம்.

ஒருத்திக்கு மனசு உறுத்தி, குறிப்பில் ஒன்றை விடுவது பொய்யில் சேருமா என்று சாமியாரிடமே கேட்டாள். சாமியார் முறை வைத்து எங்கள் வீடுகளில்தான் சாப்பிடுகிறார். "அடுப்படி விஷயத்தில் திருச்சபை தலையிடுவதில்லை" என்று சொல்லிவிட்டார்.

சரி, பொதுவாகப் பேசினால் எல்லோரும் அடுத்தவளை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆகவே ஒருத்தியைப் பிடித்துக் காட்டுகிறேன். மேலே சொன்ன திருமதி ஓவீட் ஷெரமிதான். சொந்தப் பெயர் ஓடில். என் பக்கத்து வீடு. நல்லவள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிறவள். இந்த இனத்தில் கெட்டவர்கள் குறைவு, அதுதான் தொல்லை.

ஓடிலின் கம்போ இந்த ஓடைக்கரையிலேயே பெயர் போனது. கம்போ எல்லோரும் வைப்பதுதான். மாவை எண்ணெயில் கருக வறுத்து, வெங்காயம், கோழி, சாசேஜ், வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றிக்கொள்வது. ஓடில் அதில் காய்ந்த இறாலை இடித்துப் போடுவாள். தூளாக இடித்து, முதல் கொதியிலேயே போட்டுவிடுவாள், கரைந்து மறைந்துவிடும். இறால் இருப்பது தெரியாது, கடல் மட்டும் எங்கேயோ தூரத்தில் இருப்பது போல இருக்கும். அவள் உரல் சத்தம் கேட்டாலே எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். புத்தகத்துக்குக் கொடுத்த குறிப்பில் எல்லாம் இருந்தது. இறால் இல்லை.

ஏன்? அவளுக்கு ஒரே மகன், நோலன். ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனி வேலை. அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டான். மருமகள் ஷெரில் எங்கள் மாநிலத்தின் வடக்குக் கோடி, ஷ்ரீவ்போர்ட்காரி. சோளரொட்டி தின்று வளர்ந்தவள், சாதுவான பெண். நோலன் மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருவான். எதற்கு? அம்மாவைப் பார்க்கத்தான், வேறெதற்கு என்று நீங்கள் சொல்வீர்கள். ஓடில் அப்படி நம்பவில்லை. கம்போ மருமகள் கைக்குப் போய்விட்டால் மகன் ஊருக்கு வருவது நின்றுவிடும் என்று நம்பினாள். பெற்ற பிள்ளை வருவதும் வராததும் ஒரு கை இறால் தூளில் இருப்பதாக அவள் கணக்கு.

அந்தக் கணக்கு முதலில் சரியாகத்தான் வந்தது. வந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் நோலன், "இவ செய்றது இது மாதிரி வரலைம்மா" என்பான். ஓடில் பால்குடித்த பூனை மாதிரி, "பாவம்டா, அது வடக்கத்திப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்பாள். ஷெரில் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாக.

"நான் எதை விடுறேன் அத்தை?" என்று அந்தப் பெண் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு கேட்கும்.

"ஒண்ணையும் விடலையேம்மா. மாவை இன்னும் கொஞ்சம் கருக்கு. பொறுமைதான் பத்தல."

ஷெரில் மாவைக் கருக்கினாள். கருகித் தீய்ந்தது. சட்டியில்தான் விஷயம் என்று நினைத்து, ஓடிலிடம் இருப்பது போலவே இரும்புச் சட்டி தேடி வாங்கினாள். அப்புறம் தண்ணீரில்தான் விஷயம் என்று யாரோ சொல்ல, ஊருக்குத் திரும்பும்போது ஓடில் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். ஓடில் குழாயடியில் நின்று ஒவ்வொரு கேனுக்கும் மூடி திருகிக் கொடுத்தாள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். ஓடிலும் என்னைப் பார்த்தாள். கண்ணை எடுத்துக்கொண்டாள்.

என்ன செய்தும் வரவில்லை என்றதும் ஷெரில் ஒரு நல்ல காரியம் செய்தாள். ஆராய்ச்சியை விட்டுவிட்டாள். புத்தகத்தில் இருப்பதை எழுத்து மாறாமல் செய்தாள், வெள்ளிக்கிழமை தோறும், வருஷக்கணக்காக. பிள்ளைகள் பிறந்தார்கள், அதைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள். பிள்ளைகள் வந்த பிறகு பெரும்பாலும் நோலன் தனியாகத்தான் ஊருக்கு வந்துபோனான். நடுவில் ஓடிலுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷம் அடுப்புப் பக்கமே போகவில்லை. நோலன் வந்தான், பார்த்தான், கடையில் வாங்கியதைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கால் ஊன்றி எழுந்ததும் ஓடில் சகல புனிதர் நாளுக்குக் குடும்பத்தையே வரச்சொன்னாள். காலையில் எல்லோரும் ஓவீட்டின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்துவிட்டு, கையில் வெள்ளை காயாமலே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். விடியற்காலையிலேயே உரல் சத்தம் கேட்டுவிட்டது எனக்கு. அன்றைக்கு அவள் வைத்த கம்போவைப் போல நான் சாப்பிட்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

நோலன் ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான்.

"என்னடா?" என்றாள் ஓடில்.

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ கருவாட்டு வாடை மாதிரி. சாசேஜ் பழசோ?"

சின்னப் பேத்தி ரெனே தட்டைத் தள்ளினாள். "இது பாட்டி கம்போ இல்ல."

"வாயை மூடு. பாட்டி செஞ்சா அது பாட்டி கம்போதான்" என்றாள் ஷெரில்.

"இல்லம்மா. நீ வெள்ளிக்கிழமை செய்வியே, அதுதான் பாட்டி கம்போ. புத்தகத்துல பாட்டி பேரு போட்டிருக்குல்ல?"

ஷெரிலுக்கு முகம் சிவந்துவிட்டது. மாமியாருக்காகத்தான். "மருந்தெல்லாம் சாப்பிட்டு அத்தைக்கு நாக்கு மரத்திருக்கும், விடுங்க" என்று சமாளித்தாள். "அடுத்த தடவை நான் செய்றேன் அத்தை. உங்க அளவுதான். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

"அதுவும் சரிதாம்மா" என்றான் நோலன். "உனக்கும் வயசாச்சு. கிறிஸ்துமஸுக்கு நீ ஹூஸ்டனுக்கு வந்துடு. ஷெரில் செய்வா. எதுக்கு நாங்க எல்லாரும் இவ்வளவு தூரம் வந்து உன்னையும் சிரமப்படுத்தணும்?"

நான் ஓடிலின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தண்ணீர்க் கேன்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தன் கையே தனக்கு மறந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இந்த இனம் எதைச் செய்யுமோ அதைத்தான் அவளும் செய்தாள்.

"கை தவறிடுச்சுடா" என்றாள். "கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு தடவை நீங்களே வாங்க. சரியா வைக்கிறேன்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஓடில் என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, அந்தக் கோயில் புத்தகம் உங்ககிட்ட இருக்கா?"

"ஏன், உன்னுது எங்கே?"

"நான் வாங்கலையே. என் கம்போ எனக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓடில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் புருஷன் பெயருக்கு மேலே தானே சொன்ன குறிப்பை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து, சட்டியில் போட்டுக் கிளறினாள். அன்றைக்கு உரல் சத்தம் இல்லை. பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள். "இதாம்மா. இப்பத்தான் உன் கை திரும்பியிருக்கு" என்றான் நோலன். ஷெரில் பூரித்துப்போய், "புத்தகத்தைப் பார்த்துச் செஞ்சா தப்பாது அத்தை, நான்தான் சொன்னேன்ல" என்றாள். ஓடில் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

கார் கிளம்பிப் போன பிறகு வேலியோரம் கேட்டேன்.

"எப்படி இருந்துச்சுடி?"

"உப்புச்சப்பில்லாம இருந்துச்சுக்கா."

"அப்புறம்?"

"ரெண்டு தட்டு சாப்பிட்டான். முதல் சனிக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கான்."

வருகிறான். ஓடிலும் வைக்கிறாள், புத்தகத்தைப் பார்த்து. என் புத்தகம் இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. ஷெரிலுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்தபடி அவள் புத்தகத்தோடு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், நீங்கள் எதை விட்டீர்கள் என்று கேட்பாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களே, உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறவர்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். "இது எப்படிச் செஞ்சீங்க, பிரமாதமா இருக்கே" என்று யாராவது கேட்டதும், வாயைத் திறப்பதற்கு முன்னால், கேட்டவள் யார் என்று ஒரு நொடி அவள் முகத்தைப் பார்க்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு நொடியை. உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் பெயரைச் சொல்லி எதைச் சாப்பிடப்போகிறார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது. போன வாரம் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்களே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா? நன்றாக யோசித்துப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே தெரியும்.