மாமாவின் கழுத்தில் கட்டிய அஞ்சலி

இறந்து ஒரு வருடமான மனிதரைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்து ரசம் சாதம் சாப்பிட வைத்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பாதி தெரிந்தேதான் செய்தேன். அந்தப் பாதியை நினைத்தால் இப்போதும் குக்கர் மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அடிக்கிறது.

என் மாமனார் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கேல் இல்லாமலேயே நேர்கோடு போடுவார் என்று அவர் ஆபீஸில் சொல்வார்களாம். சட்டை என்றால் வெள்ளைதான். அதிலும் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். அப்படிப்பட்ட கைக்கு நடுக்கம் வந்தது. முதலில் கையெழுத்து போயிற்று. பிறகு காபி டம்ளர். அதற்கப்புறம் சோறு. தட்டிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதிச் சாம்பார் சட்டையில் இறங்கிவிடும். “மாத்திரை கொஞ்சம் கம்மி பண்ணும், நிறுத்தாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊட்டிவிடலாம் என்று ஒருநாள் ஸ்பூனை எடுத்தேன்.

“நான் என்ன கைக்கொழந்தையாம்மா?” என்றார். குரலை உயர்த்தவில்லை. அவ்வளவுதான், ஸ்பூன் கீழே போய்விட்டது.

அதன் பிறகு அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அத்தை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் சுவரோடு சாப்பிட்டால் மற்ற இரண்டு பேருக்கும் சோறு இறங்குமா? விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டார். பத்திரிகை வந்தால் மொய்க் கவர் மட்டும் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வீடியோ பார்த்தேன். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது கழுத்தில் கட்டுவோமே பிப், அதைப் பெரியவர்களுக்கு வீட்டிலேயே தைப்பது எப்படி என்று ஒரு அம்மாள் சிரித்த முகத்தோடு காட்டினார். எனக்குச் சீதனமாக வந்த தையல் மெஷின் அதுவரை தலையணை உறையைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. (என் தையல் நேராகப் போகாது. கிரிவலம் போகும்.) இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பிப்பை டர்க்கி டவலில் தைத்தேன். அது சாம்பாரை முழுதாகக் குடித்து, ஐந்தே நிமிடத்தில் சட்டைக்கும் கொடுத்தது. இரண்டாவதைச் சாப்பாட்டு மேஜை பிளாஸ்டிக் விரிப்பில் தைத்தேன். அதில் எதுவும் ஊறவில்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு நேராக வேட்டியில் வந்து சேர்ந்தது. மாமா இரண்டையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதற்கு நான் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“தண்ணி பள்ளத்துக்குத்தாம்மா போகும். கீழ ஒரு வரப்பு கட்டு, நின்னுடும்.”

சர்வேயர் அல்லவா! பிப்பின் அடிப்பக்கத்தை மேல்நோக்கி மடித்து ஒரு பைபோலத் தைத்தேன். விழுவதெல்லாம் அதற்குள் நிற்கும். முன்பக்கத்துக்கு அவருடைய பழைய வெள்ளைச் சட்டையையே வெட்டிப் பட்டன் வரிசையோடு வைத்தேன். பின்கழுத்தில் வெல்க்ரோ. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் சட்டைமேல் ஏதோ கட்டியிருக்கிறது என்றே தெரியாது. மாமா கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

“பரவாயில்லையே” என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது எனக்குக் கலெக்டர் கையால் கேடயம் வாங்கிய மாதிரி.

இரண்டே நாளில் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம் இருந்தது. மாமாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரிய மாமா, போன வருடம் தவறிப்போனார். அவருடைய மகன் சேகரின் பெண்ணுக்குத்தான் கல்யாணம். “நான் வரலம்மா” என்று வழக்கம்போல ஆரம்பித்தார் மாமா.

“அண்ணன் பேத்தி கல்யாணம் மாமா. என்னை நம்பி வாங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் அண்ணன் பேத்தியின் கல்யாணத்தில் மானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது நிஜம். அதைவிட இரண்டு விரற்கடை அதிகமாக இன்னொரு ஆசையும் இருந்தது. ‘இப்படி ஒரு மருமக கெடைக்கணுமே’ என்று நாலு பேர் சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். என்ன பதில் சொல்வது, எப்படித் தலையைக் குனிந்துகொள்வது என்பதெல்லாம்கூடத் தயார்.

குறை ஒன்றே ஒன்றுதான். பின்பக்கம் வைக்கத் தண்ணீர் இறங்காத துணி வேண்டும். தேரடி வீதியில் லேஸ், பட்டன் விற்கும் பாயிடம் போய்க் கேட்டேன்.

“ரெயின்கோட்டுத் துணி இருந்துச்சும்மா, போன வாரமே தீந்துடுச்சு. வேலூர்லேர்ந்து வரணும். நாலு நாள் ஆவும்.”

நாலு நாளில் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு முடித்துத் திரும்பியிருப்பார்கள். யோசித்துக்கொண்டே மொட்டை மாடிக்குப் போனேன். வாஷிங் மெஷின்மேல் மழைக்காக ஒரு பிளக்ஸ் பேனர் போர்த்தியிருந்தது. வருடம் பூரா மழையில் நனைந்தும் ஒரு சொட்டு உள்ளே விடாத பிளக்ஸ். பெரிய மாமா இறந்தபோது தெருமுனையில் கட்டிய பேனர். காரியம் முடிந்ததும் தூக்கிப் போட மனசில்லாமல் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். மனசில்லாமல் வைத்தது எப்படி வாஷிங் மெஷின்மேல் போயிற்று என்று கேட்காதீர்கள்.

பேனரைக் குப்புறப் போட்டு, சாக்பீஸால் அளவு போட்டு வெட்டினேன். திருப்பிப் பார்த்தால், பெரிய மாமா நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண், மூக்கு, மீசை எல்லாம் சேதாரமில்லாமல் நட்டநடுவில். தலைக்குமேல் சிவப்பில் ‘கண்ணீர் அஞ்சலி’.

நல்ல புத்தி உள்ளவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். மிச்சம் இருந்தது சின்னச் சின்னத் துண்டுதான், வேறு பிளக்ஸ் இல்லை. பளபளப்பான பக்கம்தான் ஈரம் வாங்காது என்று எனக்கொரு எண்ணம். அதனால் பெரிய மாமாவை உள்ளே மறைத்தும் தைக்காமல், சட்டைமேல் படும் பக்கமாக வைத்துத் தைத்தேன். தலைகீழாக வேறு தைத்திருக்கிறேன். அது அப்போது கவனத்தில் இல்லை.

என் கணவர் எட்டிப் பார்த்தார். “இது பெரியப்பா இல்ல?”

“பின்பக்கம்தாங்க. யார் பாக்கப் போறாங்க?”

“என்னமோ பண்ணு.” சண்டைக்குப் பயந்த மனிதர், போய்விட்டார்.

மாமாவிடம் நான் சொல்லவில்லை. மண்டபத்தில் அவர் பின்னால் நின்று கட்டிவிட்டபோதும் சொல்லவில்லை. முன்பக்கத்தை நீவிவிட்டு, “சூப்பரா இருக்கு மாமா” என்றேன்.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. மாமா ஓர் ஓரமாக இலை முன்னால் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் பெரிய அத்தை, பெரிய மாமாவின் மனைவி. மாமா முதலில் தயங்கித் தயங்கித்தான் கையை வைத்தார். பருப்பு விழுந்தது, பையில் நின்றது. சாம்பார் விழுந்தது, அதுவும் நின்றது. அப்புறம் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. பக்கத்திலிருந்தவரோடு பேச்சுக்கூட ஆரம்பித்தார். “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துப்பா” என்று அவராகக் கேட்டது என் காதில் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொந்தக்கார அம்மாள் ஒருவர் என்னிடம் வந்தார். “உன் மாமனாருக்குக் கை சரியாப் போச்சா? சட்டை பளிச்சுனு இருக்கே!”

நான் காத்திருந்த கேள்வி. தலையைக் குனிந்து, “அது ஒண்ணுமில்லீங்க…” என்று ஆரம்பித்தேன்.

அதே நேரத்தில் பரிமாறுகிறவர் ஒருவர், வேர்க்கிறது என்று, ஆளுயர ஃபேனை எங்கள் வரிசைப் பக்கம் திருப்பினார்.

மாமா கட்டச் சொன்ன வரப்புக்கு அடியில் காற்று புகுந்தது. பிளக்ஸ் விறைப்பான சரக்கு. படகுப் பாய் மாதிரி விம்மி, பையில் நின்றதையெல்லாம் இலையிலேயே கொட்டிவிட்டு, ஒரே தூக்கில் மேலே எழுந்து, மாமாவின் முகத்தில் அப்பிக்கொண்டு நின்றது. தொங்கும்போது தலைகீழாக இருந்த பெரிய மாமா இப்போது நேரானார். கீழே மாமாவின் வெள்ளைச் சட்டை, நடுங்கும் கையில் ரசம் சாதம். கழுத்துக்குமேல் பெரிய மாமாவின் முகம். நெற்றிக்குமேல் ‘கண்ணீர் அஞ்சலி’.

வீடியோக்காரர் அந்த நேரம் பார்த்துப் பந்தியை எடுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு ஹாலின் பெரிய திரையில், இறந்துபோன தாத்தா பேத்தி கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

யாரோ ஒரு பெண் கத்தினாள். பாயச வாளி கீழே விழுந்தது. (வாளி விழவில்லை, டம்ளர்தான் என்பார் என் கணவர். எனக்கு வாளிச் சத்தம்தான் கேட்டது.) நான் ஓடிப்போய் அதை இழுத்து இறக்கினேன். மாமா மூச்சு வாங்கினார். பிறகு குனிந்து, பின்பக்கத்தைத் தன் ரசக் கையாலேயே திருப்பிப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

சேகர் மணமேடையிலிருந்தே ஓடி வந்துவிட்டார். “யார் பண்ண வேலை இது? எங்கப்பா மொகம் சோறு தொடைக்கிற துணியா?”

யாரோ அந்த ஃபேனை நிறுத்தினார்கள்.

“நான்தான்டா” என்றார் மாமா.

“என்ன சித்தப்பா சொல்றீங்க?”

“நான்தான் வெக்கச் சொன்னேன். அண்ணன் இல்லாம பந்தியில உக்கார எனக்கு மனசு வரல. இது வேணாம்னுதான் சொல்லுச்சு. நான்தான் கேக்கல.” ‘இது’ என்று என் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

எதிர் வரிசையிலிருந்து பெரிய அத்தை எழுந்து வந்தார். பிப்பைக் கையில் வாங்கி, புருஷனின் மீசையில் ஒட்டியிருந்த ரசத்தை முந்தானையால் துடைத்தார். நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“இவருக்குப் பாயசம் ஊத்துங்கப்பா” என்றார். “சக்கரைனு கடைசி ரெண்டு வருஷம் நான் கண்ணுலகூடக் காட்டல.”

பரிமாறுகிறவர் நிஜமாகவே மாமாவின் இலைப் பக்கத்தில் ஒரு டம்ளர் அதிகமாக வைத்தார். யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பந்தி மறுபடி நடந்தது.

நான் கை கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“தப்புதான் மாமா.”

“தப்புதான்” என்று அவரும் ஒத்துக்கொண்டார். தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “ஆனா பாரு, சட்டையில ஒரு சொட்டு படல.”

மறுவாரம் பெரிய அத்தை வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தேன். அவர் நம்பிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். “உன் மாமனாருக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துடும்” என்றார். “அன்னிக்குத் தக்காளியா இருந்துச்சு.” பிறகு அந்தப் பிளக்ஸை மட்டும் பிரித்துத் தரச் சொன்னார். ஒரு மாலை பூராவும் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த தையல் வேலை அந்தப் பிரிப்பு ஒன்றுதான். வேலூரிலிருந்து ரெயின்கோட்டுத் துணி வந்து புதிதாக நாலு தைத்தேன். மாமா இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

ஆனால் அந்தத் துணிக்கு எங்கள் குடும்பத்தில் பெயர் நிலைத்துவிட்டது. முதலில் ஆரம்பித்தவர் மாமாதான். ஒருநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி, “அஞ்சலி எங்கம்மா?” என்றார். அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் சொந்தக்காரர்கள் “அஞ்சலியையும் கூட்டிட்டு வந்துடுங்க” என்று சொல்லிச் சிரிக்காமல் போனை வைப்பதில்லை. நானும் சிரிக்கிறேன். காதுதான் சூடாகிறது.

போன மாதம் சேகரின் மகனுக்கு நிச்சயம் ஆனது. பெண் வீட்டு அம்மாள் எங்களை அழைக்கப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

“அஞ்சலி அஞ்சலினு எல்லாரும் சொல்றாங்களே, உங்க பொண்ணுங்களா? நல்லா இருக்காளா?”

மாமா சோற்றுக் கையோடு போன் பக்கம் குனிந்தார்.

“நல்லா இருக்காம்மா. இப்பதான் தொவைச்சிக் கொடியில போட்டோம்.”