சாயக்காரரும் வெள்ளை அணுக்களும்

திருப்பூரில் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுவுக்கும் 'வாங்க, போங்க' என்று மரியாதை கொடுத்த ஒரே மனிதர் சாயக்காரர்தான். பத்து வருஷம் பனியன் துணிக்குச் சாயம் போட்டுவிட்டு, எங்கள் தெரு டாக்டரிடம் ரத்தம் சோதிக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை.

ரத்தம் தடவிய கண்ணாடித் துண்டுக்கும் சாயப்பட்டறை நியாயம்தான். சாயம் ஊற்றுவார், அலசுவார், வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "ஷேடு இன்னும் வரலீங்க" என்பார். நோயாளி மயங்கி விழுந்தாலும் அவசரப்பட மாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு மாதமாக இருமல், இரைப்பு. எக்ஸ்ரேயில் நெஞ்செல்லாம் புள்ளி. காசநோயாக இருக்கும் என்று டாக்டர் சானடோரியத்துக்குக் கடிதமே எழுதி வைத்துவிட்டார். "காசம்னா வேலைக்கு வர வேண்டாமுங்க" என்று மேனேஜர் கும்பிட்டு அனுப்பினார். ரத்தச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

சாயக்காரர் விரலில் குத்தினார். மறுநாளும் வரச் சொல்லிக் குத்தினார். மூன்றாம் நாளும் ஊசியோடு நிற்கவே எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, இது விரலுங்களா, பனியன் துணியுங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. செவப்பு ரொம்பத் தூக்கலா இருக்குதுங்க. எஞ்சாயந்தான் கெட்டுப்போச்சோன்னு சந்தேகமுங்க."

குத்திச் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் எண்ணிக்கொண்டே வந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நூறு வெள்ளை அணுவுல செவப்புச் சாயம் புடிக்கறவங்க நாலஞ்சு பேருதான் இருக்கோணுமுங்க. உங்களுக்கு அறுவது பேரு! ஒடம்புக்குள்ள புழு பூந்தா இவங்கதான் முன்னாடியே கூட்டங்கூடுவாங்க. புழு இன்னும் கண்ணுலயே படலீங்க, இவங்க வந்து நின்னுட்டாங்க பாருங்க!"

டாக்டரும் பார்த்தார். காசமில்லை, கொசுக்கடியில் ஏறி, காலை விட்டு நுரையீரலைப் பிடித்த யானைக்கால் புழுவின் வேலை என்றார். கடிதத்தைக் கிழித்துப் போட்டு மூன்று வாரத்துக்கு மாத்திரை எழுதினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயக்காரர் கையைப் பிடித்து அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மெதுவாங்க, வலிக்குது."

அவர் விரலிலும் மூன்று குத்து. மேஜையில் என் கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொன்று இருந்தது.

"இதெல்லாம் யாருதுங்க?"

"என்னுதுதானுங்க. பக்கத்துல ஒரு நல்ல சாம்பிள் வெக்காம ஷேடு எப்படிங்க சொல்றது?"

இருமல் மூன்று வாரத்தில் போய்விட்டது. அவர் மேல் வந்த பிரியம் மட்டும் போகவே இல்லை.