காதுகுத்துக்கு வந்த ஜீப்

தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. காது குத்தும்போது பிள்ளை அவன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த ஒரு பதவிக்காகத்தான் அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்தேன் என்று அப்போது நம்பினேன். (வயது இருபத்து நாலு. மூளை அதில் பாதிகூட வளரவில்லை.)

நார்த்தாமலை மண்டபத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. திருச்சியிலிருந்து சீர்த்தட்டுகளோடு நான் ஏறிய பஸ், கீரனூரைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"நல்ல நேரம் முடியப் போவுது மாப்ள. ஒங்க சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திர்றோம். நீ மெதுவா வா."

மெதுவாகவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கி வராத மனுஷன் என் இடத்தில் உட்காருவதா? ரோட்டோரம் நின்றபடியே நூறுக்கு அடித்தேன்.

"மேடம், நார்த்தாமலை மண்டபத்துல ஒரு வயசுப் பிள்ளையப் பிடிச்சு வச்சு ஊசியால குத்தப் போறாங்க. ஒடனே தடுங்க."

"யாரு சார் குத்துறது?"

"பேரு தெரியாது. கையில ஊசி வச்சிருக்கான்."

(இதில் ஒரு சொல்லாவது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.)

எனக்கு முன்னால் ஜீப் போய்விட்டது. இடது காது முடிந்து, வலது காதுக்கு ஊசியை எடுத்த நேரம் போலீஸ் உள்ளே நுழைய, ஆசாரி பின்வாசல் வழியாக பைக்கைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். நான் தட்டுகளோடு போய் இறங்கியபோது பிள்ளை ஒற்றைத் தோட்டோடு வீறிட்டுக்கொண்டிருந்தது. அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எஸ்.ஐ. அம்மாதான் பார்த்தார். "போன் பண்ணது நீங்கதானா? இல்லாத ஆபத்தச் சொல்லி போலீசக் கூப்புட்டா கேசாவும், தெரியுமில்ல? நாங்க இங்கிட்டு நிக்கிறப்ப, அங்கிட்டு நெசமாவே ஒருத்தி அடிவாங்கிக்கிட்டுக் கூப்புட்டா யாருங்க போறது?"

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் தப்பினேன். அதிலும், 'மச்சான் பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம்' என்று எழுதிய வரியை அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

வலது காதை அடுத்த மாதம் வேறொரு ஆசாரி குத்தினார், கொஞ்சம் மேலே தள்ளி. மடி? அதே சித்தப்பா மகன்தான். இன்றைக்கும் அவள் ஜிமிக்கி போட்டால் ஒன்று ஏறித்தான் நிற்கும். கேட்பவர்களிடம், "அது போலீஸ் காதுங்க" என்பாள்.

எங்கள் சொந்தத்தில் இப்போது எந்தக் காதுகுத்தானாலும் தாய்மாமன் வந்து உட்காராமல் ஊசியை எடுப்பதில்லை. "பொறுங்கப்பா, ஜீப்பு வந்துரப் போவுது" என்று மச்சானே மைக்கில் சொல்கிறார். இத்தனை மாமன்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவன் நான். அக்காவுக்கோ அந்த ஒரே மகள். என் மடியில் வைத்து இதுவரை ஒரு பிள்ளைக்கும் காது குத்தவில்லை.