மூணாம் ஷிப்டு அண்ணனின் கட்டில்

கோயமுத்தூரில் மில்கள் ஓடத் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, ராத்திரி ஷிப்டைக் கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வாங்கிய மனிதர் ஒரே ஒருவர்தான். இல்லை என்பவர்கள் தாராளமாக என்னோடு சண்டைக்கு வரலாம். ஐம்பதுகளின் கடைசியில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யாருக்கு எந்த ஷிப்டு என்று எழுதிப் போடுவது என் வேலை. மூணாம் ஷிப்டு என்று எழுதினால் போதும், ஒருவனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், இன்னொருவனுக்கு மாமியார் செத்துப்போவாள். ஒரே மாமியார் ஒரு வருஷத்தில் மூன்று தடவை செத்ததை நானே பார்த்திருக்கிறேன். இவர் மட்டும் ஜன்னலில் வந்து நின்று, "ஏனுங்க தம்பி, எனக்கு அடுத்த மாசமும் மூணாம் ஷிப்டே போட்டுருங்க. மாத்திப்போடாதீங்க" என்பார்.

அதனால் அவர் மூணாம் ஷிப்டு அண்ணன் ஆனார். ஐம்பது வயசு, ஒல்லி உடம்பு, ஸ்பின்னிங்கில் வேலை. மனைவி இறந்து, பிள்ளைகளும் இல்லாமல், தொழிலாளிகளுக்கு மில் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் தனியாக இருந்தார். மதுக்கரையில் இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது, பகலெல்லாம் அங்கேதான் என்று லைனில் ஒரு கதை ஓடியது. மனிதர் பகலெல்லாம் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்குவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தும் கதை ஓடியது.

விஷயம் இதுதான். சாயங்காலமானால் உக்கடத்துக்குப் போவார். குளக்கரையில் வீடு வாசல் இல்லாமல் படுத்துக் கிடப்பவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொல்லி, சோறு போட்டு, தன் கயிற்றுக் கட்டிலைக் காட்டி, வீட்டுச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிடுவார். காலையில் தலையெல்லாம் பஞ்சாகத் திரும்பி வந்து, அந்த ஆளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதே கட்டிலில் தான் படுப்பார்.

"சாவியைக் கூடவா கொடுப்பீங்க? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று நான் கேட்டேன்.

"ராத்திரி பூரா சும்மா கெடக்கற கட்டிலுங்க தம்பி. ஒரு மனுசன் ரோட்டுல கெடக்கையில அது காலியாக் கெடந்தா ஆண்டவரு என்னையத்தானுங்க கேப்பாரு. பகல் ஷிப்டுக்குப் போனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கோணும். கட்டிலு பத்தாதுங்களே!"

ஒருநாள் வந்தவன் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். லைனே திரண்டு வந்து, "நாங்க அப்பவே சொன்னோமுங்களே" என்றது. அண்ணன் கம்பளி தொங்கிய காலி ஆணியைப் பார்த்தார். "குளிருதுன்னுதானுங்க எடுத்துட்டுப் போயிருக்கான். கம்பளிய வேற எதுக்குங்க எடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் மறுபடியும் உக்கடம் போனார். அந்தக் குளிர்காலம் முழுவதும் வந்தவர்களெல்லாம் அவருடைய இரண்டு வேட்டியைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

லைன் பொதுக்குழாயில் வேறு தினமும் மகாயுத்தம். வந்தவர் படுத்த போர்வையை அன்றன்றே துவைக்க வேண்டும் என்பது இவர் பிடிவாதம். குழாயடியை ஆண்டவர் ரங்கநாயகி அக்கா. வீட்டில் தெலுங்கும் குழாயில் தமிழும் பேசுவார். தமிழில்தான் சத்தம் அதிகம்.

"ஏனுங்க, ஊருல போற வாறவனுக்கெல்லாம் துணி தொவைக்கத்தான் மில்லுக்காரங்க கொழா போட்டாங்களா? அக்கட்ட போங்க!"

"போறேனுங்க அம்மணி. ரெண்டு கொடம் புடிச்சுக்கிட்டுப் போறேன்" என்பார் அண்ணன். போகமாட்டார். நாலு குடம் பிடித்த பிறகுதான் போவார்.

அண்ணன் கிறிஸ்தவர், சர்ச்சிலும் இவர் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி வேலை முடித்து நேராக ஞாயிறு ஆராதனைக்குப் போவார். பிரசங்கம் ஆரம்பித்தால் குறட்டையும் ஆரம்பிக்கும். போதகரை அவர்கள் அய்யர் என்பார்கள். சபைப் பெரியவர்கள் இருவர் அய்யரைக் கூட்டிக்கொண்டு புகார் சொல்ல வந்தபோது நானும் ஷிப்டுச் சீட்டு கொடுக்க அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"அய்யரே, அத்தனை புயலுல ஆண்டவரே படகுல தூங்குனாருங்களே. நான் தூங்குனாத்தான் குத்தமுங்களா?" என்றார் அண்ணன். பெரியவர்கள் முறைத்தார்கள். இவர் விடவில்லை. "நானும் ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க. நம்ம சர்ச்சு வாரத்துல ஏழு ராத்திரியும் காலியாத்தானுங்களே கெடக்குது? சாவி யாருகிட்டீங்க இருக்குது?"

அய்யர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குறட்டையைப் பற்றி சபையில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மழைக்காலத்தில் ஈரோட்டுப் பக்கத்து முதியவர் ஒருவர் வந்தார். தறி ஓட்டியவர், காலில் பெரிய புண், எழுந்து நடக்க முடியாது. காலையில் அவரை எப்படி அனுப்புவது? அண்ணன் அவரைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுத் தரையில் படுத்தார். ஒரு நாள், பத்து நாள், ஒரு மாசம். லைனில் பயம் வந்துவிட்டது. என்ன புண்ணோ, குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று கூடிப் பேசி, லேபர் ஆபீசருக்கு ஒரு மனு கொடுப்பதென்று முடிவு செய்தார்கள்.

அந்த மனுவை எழுதியது நான்தான். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அதனால் லைனில் எல்லா மனுவும் நான்தான் எழுதுவேன். அண்ணனுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. ரசித்து ரசித்து எழுதினேன். வெட்கங்கெட்டவன் நான், வேறென்ன சொல்ல?

ஆபீசர் புதுசு, விதியைக் கரைத்துக் குடித்தவர். லைன் வீட்டில் தொழிலாளியும் அவர் உறவினரும் மட்டுமே தங்கலாம், மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஒரு சாயங்காலம் மூட்டை முடிச்சோடு அண்ணனை வெளியேற்ற நேரில் வந்துவிட்டார். நானும் கூட்டத்தில் நின்றேன். லைன் ஆடிப்போயிற்று.

"நாங்க நிறுத்தச் சொல்லித்தானுங்க கேட்டோம். ஊட்ட உட்டுத் தொரத்தவா சொன்னோம்?" என்று முதலில் கத்தியது ரங்கநாயகி அக்கா.

"ஆறு வருஷமா அந்நியர்களை வச்சிருக்கார்மா. இந்தப் பெரியவர் யாரு?" என்றார் ஆபீசர்.

அக்கா ஒரு நொடிதான் யோசித்தார். "எங்க மாமய்யாங்க, என்ற ஊட்டுக்காரரோட அப்பா. எங்க ஊட்டுல எடம் பத்தலைன்னு இங்க படுத்திருக்காரு."

ஆபீசர் கட்டில் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?" என்று கேட்டார்.

"சுத்தமாத் தெரியாதுங்க" என்றார் முதியவர் நேர்மையாக.

"அவரு எங்க பெரியப்பனுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு கவுண்டர் குரல் கொடுத்தார். "இல்லீங்க, என்ற தாய்மாமன்" என்றார் இன்னொருவர். இரண்டு நிமிஷத்தில் அநாதைக் கிழவருக்கு ஐந்து வீட்டில் சொந்தம் முளைத்துவிட்டது. ஆபீசரே சிரித்துவிட்டார். "சரி, யாராவது ஒருத்தர் சொல்றதை நான் எழுதிக்கிறேன். இவர் உங்க உறவினர்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். வீடு உங்களுக்கே" என்று அண்ணனைப் பார்த்தார்.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"மாட்டேனுங்க" என்றார் அண்ணன். "இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. அதனாலதானுங்க ஊட்டுல வச்சிருக்கேன். சொந்தம்னு சொன்னாத்தான் ஒரு மனுசன் கட்டில்ல படுக்கலாம்னா, அந்தச் சட்டத்துக்கு நான் பொய் சொல்லமாட்டேன். இந்தாங்க சாவி."

மழை தூறிக்கொண்டிருந்தது. முதியவரால் நடக்க முடியாதே! கட்டிலோடு தூக்கினோம், அண்ணன் ஒரு கால், நான் ஒரு கால், லைன்காரர்கள் இருவர். எதிரே வந்தவர்கள் சவ ஊர்வலம் என்று ஒதுங்கி நின்றார்கள். ஒரு சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார். கிழவர் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க, நான் உசுரோடதான் இருக்கேனுங்க!" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எங்கீங்கண்ணா போறோம்?" என்று கேட்டேன்.

"உக்கடந்தானுங்க. வேற எங்க?"

என் தெரு முனை வந்தது. நான் என் பக்கத்துக் காலைத் திருப்பினேன். மற்ற மூவரும் திரும்பித்தான் ஆகவேண்டியிருந்தது. வாசலில் என் மனைவி நின்று, கட்டிலையும் கிழவரையும் நனைந்த அண்ணனையும் பார்த்தாள். "யாருங்க இவியெல்லாம்?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே, "சாரல் அடிக்குதுங்க, கட்டில உள்ள போடுங்க" என்று வழிவிட்டாள்.

அண்ணன் வேட்டியைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "ஆபீசரு மனுவக் காட்டுனாருங்க தம்பி. எழுத்தப் பாத்ததுமே நீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எத்தன அழகான எழுத்துங்க! ஒரு அடித்தல் திருத்தல் இல்ல."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று வேலைக்குக் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் எங்கள் வீட்டில் இருந்தார். முன்னறைக் கட்டிலில் யார் யாரோ வந்து படுத்து எழுந்து போனார்கள். மனுவைப் பற்றி அவர் வாயிலிருந்து மறுபடி ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்கு நான் இடம் கொடுத்ததாகத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். உண்மை எனக்குத் தெரியும்: அன்றைக்கு என்னைத்தான் அவர் சேர்த்துக்கொண்டார்.